பத்தே நிமிஷம்

பத்து நிமிஷக்காரர்களை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் லயத்துக்கு ஒருவராவது இருப்பார். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்களைச் சொல்லவில்லை. அந்த வகை வேறு. அவர்களால் யாருக்கும் உபத்திரவம் கிடையாது. இவர் சமைப்பவர். வேலைநாளில், வீடே களைத்துச் சுருண்டு கிடக்கும் ராத்திரி ஏழு மணிக்கு, "இன்னைக்குச் சாப்பாட்ட நான் பாத்துக்கிறேன், ஒருத்தரும் அசைய வேணாம், பத்தே நிமிஷம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழும்புகிறவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருத்தரும் உட்கார முடியாது.

எனக்குத் தெரிந்த பத்து நிமிஷக்காரர் கித்துல்கலையில் இருக்கிறார். (பொதுவாகத்தான் எழுதுகிறேன். என் தங்கச்சி வீட்டுக்காரர் இதை வாசித்தால் அவரும் பொதுவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.) அவருடைய அப்பா தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டியவர். இவர் ஆற்றங்கரையில் இறப்பர் படகுக்குப் பற்றுச்சீட்டு வெட்டுகிறார். களனி கங்கையின் நுரைத்தண்ணீரில் உருண்டு விழுந்து எழும்புவதற்கென்றே கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் ஆட்கள் வந்து காசு கட்டும் ஊரல்லவா. அப்படி நனைந்து நடுங்கி வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடும் விடுதி ஒன்றில் இவருக்கு வரவேற்பு மேசையில் வேலை. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மேசையில் இருந்து பார்த்தால் குசினி ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குள்ளே அடுப்பு தெரியும். பெரிய இரும்புத் தாச்சியில் நெருப்பு எழும்ப எழும்பக் கோக்கி பிரட்டுவது தெரியும். ஓடர் போய்ப் பத்து நிமிஷத்தில் தட்டு வெளியே வருவதும் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து கரட் சீவிக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் இருக்கும் பையன்கள் மட்டும் தெரியாது.

ஆகவே இவருடைய மணிக்கூடு எண்ணெய் காய்ந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். உண்மையாகவே போனை எடுத்து டைமரை அமுக்குவார். அதற்கு முந்தி நடப்பதெல்லாம் அவர் கணக்கில் சமையலே இல்லை. "அது சும்மா, ரெடி பண்றது."

இந்தச் சும்மாவுக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரநாளில் அவர் கைவரிசை பெரும்பாலும் கொத்து ரொட்டிதான். கடையில் வெட்டியே பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள், அதுதான் அவருக்குக் கிடைத்த வரம். ரொட்டியை வெட்ட வேண்டாம், சரி. கோவா அரிய வேண்டும். கரட் தோல் சீவ வேண்டும். லீக்ஸ் இருக்கிறதே, நுவரெலியாவிலிருந்து மண்ணையும் கூட்டிக்கொண்டே லொறியில் இறங்கி வருவது. மடல் மடலாகப் பிரித்து எத்தனை தண்ணீரில் அலசினாலும் பல்லில் நறநறவென்று ஒரு துணுக்கு அகப்படும். அகப்பட்டால், "லீக்ஸ் கழுவுனது யாரு?" என்று விசாரணை வரும். இஞ்சி, உள்ளி தட்ட வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், கறிமிளகாய். முட்டைக்கு மகன் கடைக்கு ஓட வேண்டும். கருவேப்பிலைக்கும் ரம்பைக்கும் மகள் டோச் லைட்டோடு வேலியோரம் போக வேண்டும். இத்தனைக்கும் பிறகு, எண்ணெயை ஊற்றப் போகிற கடைசி நேரத்தில், சும்மா ஞாபகம் வந்ததுபோல ஒரு கேள்வி:

"நேத்து வச்ச கோழிக் குழம்பு இருக்குதானே?"

கொத்தின் உயிரே அந்தக் குழம்புதான். அது நேற்று ஒன்றரை மணித்தியாலம் கொதித்தது. அதுவும் சும்மா, நேற்றைய சும்மா.

இவ்வளவும் நடக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். நிற்கிறார். வெறுமனே நிற்கிறார் என்று சொன்னால் பாவம், ஆயத்தமாக நிற்கிறார். தோளில் ஒரு துவாய், கையில் கரண்டி. "எல்லாச் சாமானும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும், அதுதான் இதுல ரகசியம்" என்கிறார். கை அவருடையது. எட்ட வைக்கிற பொறுப்பு எங்களுடையது.

"கரட் ஆச்சா, அக்கா?"

"இந்தா ஆச்சு தம்பி."

"இன்னுங் கொஞ்சம் மெல்லிசா. தடிப்பா இருந்தா வேக நேரமெடுக்கும். நமக்குப் பத்து நிமிஷம்தானே இருக்கு."

அந்த 'நமக்கு' எனக்கு மிகவும் பிடிக்கும்.

எண்ணெய் காய்ந்து டைமரும் அமுக்கியானதும் நடப்பது நல்ல காட்சிதான், மறுக்கமாட்டேன். வெங்காயம் விழுகிறது, ரம்பை மணக்கிறது, கோவாவும் கரட்டும் மேலெழும்பித் திரும்ப விழுகின்றன. முட்டையை ஒற்றைக் கையால் உடைப்பார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். குழம்பை ஊற்றிக் கடைசியாக ஒரு பிரட்டு. "ஒம்பது நிமிஷம் நாப்பது செக்கன்!" என்று போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். சுவர் மணிக்கூட்டில் எட்டே முக்கால்.

இறப்பர் தோட்டத்தில் பால் எடுக்கும்போது வாளி நிறைந்திருப்பதைப் பார்த்து மட்டும் கணக்கு எழுதிவிட மாட்டார்கள். பாலில் தண்ணீர் கூடியிருந்தால்? மெட்ரொலாக் என்று ஒரு கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டு, உலர்ந்த இறப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். கெட்டிப் பாலில் குழாய் இறங்கும், தண்ணீர்ப் பாலில் மேலே நிற்கும். தம்பியுடைய பத்து நிமிஷத்திலும் அதை ஒருதடவை விட்டுப் பார்க்க ஆசை. இறங்காது. தக்கைபோல மேலேயே நிற்கும்.

கொத்தாவது நமக்குப் பழகிய சாமான். இடையில் கொஞ்ச காலம் டம்ப்ளிங் பைத்தியம் பிடித்து ஆட்டியது. குளிர்தேசத்து யாரோ ஒரு அம்மா போட்ட வீடியோ. கடையில் வாங்கிய டம்ப்ளிங், சம்மர் மரக்கறி, ஒரே தாச்சி, வாரநாள் ராச் சாப்பாடு தயார். பார்த்ததும் இவருக்குத் தன்னுடைய குலதெய்வத்தையே கண்டதுபோல் ஆகிவிட்டது. கித்துல்கலையில் டம்ப்ளிங் ஏது? அவிசாவளைக்குப் போய், சுப்பர்மார்க்கெட் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாக்கெட்டைத் தேடி எடுத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறி, எட்டியாந்தோட்டையில் நின்று, கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சனத்தோடு நெருங்கி வந்து சேர்ந்தார். போகவர அரை நாள். அதுவும் அந்தப் பத்து நிமிஷத்தில் சேர்த்தியில்லை.

டம்ப்ளிங்கின் சூட்சுமம் ஐஸோடேயே அதைத் தாச்சியில் வைப்பதில் இருக்கிறது. அடிப்பக்கம் பொன்னிறமானதும் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி உடனே மூட வேண்டும். ஆவியில் மேல்பக்கம் வெந்து, தண்ணீர் வற்றியதும் மூடியை எடுத்தால் அடி மொறுமொறு, மேலே மெத்மெத். ஐஸ் இளகிவிட்டால் கதை முடிந்தது. மேல்மாவு பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கப் போனால் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வரும். பாக்கெட்டின் பின்பக்கமே இதைப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் இறங்கியபோது அது ஒரே உருண்டையாக, குழந்தையின் தலை அளவுக்கு இருந்தது.

அது கிடக்கட்டும். சம்மர் மரக்கறிக்கு வருவோம். ஜூலை மாசம். அந்த அம்மாவுடைய ஊரில் வெயில் காலம். கித்துல்கலையில் தென்மேற்குப் பருவமழை தகரத்தில் கொட்டுகிற கொட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இந்தப் பக்கம் மழை இல்லாத நாளைத்தான் நாங்கள் சம்மர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வீடியோவில் சுக்கினி என்று ஒரு காய். "அதுக்குப் பதிலா நம்ம பீர்க்கங்காய் போடலாம், ஒரே குடும்பந்தான்" என்றார். அதில் பிழையில்லை. பூசணி, பாகல், பீர்க்கு எல்லாம் ஒரே கொடிக்குடும்பம்தான். பீர்க்கங்காய் லயத்துக்குப் பின்பக்கம், கானுக்கு அப்பால் வேலியில் தொங்குகிறது. யார் போவது? தங்கச்சி மகன் போனான். இரண்டு பீர்க்கங்காயும் காலில் ஐந்தாறு அட்டையுமாகத் திரும்பி வந்தான். உப்புப் போத்தலைத் தேடி, அட்டைகளை உதிர்த்து, ரத்தம் நிற்கத் துணி சுற்றி, அழுகையை அடக்கி முடிக்கிற நேரத்தில் சித்தப்பன்மார், மாமன்மார் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"எண்ணெய் காய்ஞ்சிருச்சு, பீர்க்கங்காய் எங்க?" என்று உள்ளேயிருந்து சத்தம்.

எங்கள் வீட்டு அம்மாயி அதுவரை வாய் திறக்கவில்லை. மாவு உருண்டையைச் சுற்றிவந்து பார்த்தார். ஒன்று பிய்த்து முகர்ந்தார். "கொழுக்கட்டைய எதுக்குப்பா பொரிக்கிற? பூரணம் என்னா, தேங்காயா?"

"கோழி, அம்மாயி."

"புள்ளையாரே!" என்று காதைப் பொத்திக்கொண்டு போய் வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

உருண்டையைப் பிரிக்க முடியாது என்று தெரிந்ததும் எங்கள் ஆள் அசரவில்லை. இரண்டு சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தார், தாச்சியிலே வைத்துக் கொத்தத் தொடங்கிவிட்டார். டங்கு டங்கு டங்கு. டம்ப்ளிங் கொத்து. சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் தர்மமில்லை. ஆனால் அந்தத் தாச்சி தங்கச்சி சீட்டுக் காசில் வாங்கிய நொன்ஸ்டிக் தாச்சி. கறுப்புப் பூச்சு துகள் துகளாக டம்ப்ளிங்கோடு கலந்து வந்ததை மிளகு என்று நினைத்து நாங்கள் இரண்டாம்முறையும் கேட்டு வாங்கினோம். அவள் மட்டும் ஒன்றும் பேசாமல் தாச்சியைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

கொத்தை இப்படிக் குறைசொல்லிக்கொண்டு போனால் மட்டக்களப்பார் கோபிப்பார்கள். கிழக்கில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில்தான் அது பிறந்தது என்பார்கள். இப்போது அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் என்று எந்தப் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் தகட்டுச் சத்தம்தான் வரவேற்கிறது. கடைக்காரர் தகட்டைப் போட்டு அடிக்கிற அடி ஊரைக் கூப்பிடுவதற்கு. அந்த அடிக்கு முந்தியே பொழுதோடு ரொட்டியை வீசி அடுக்கியிருப்பார். குழம்பு மத்தியானமே இறங்கியிருக்கும். அந்த வேலைகளுக்கு அவர் ஆள் வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார். "பத்து நிமிஷம்" என்று அவர் யாரிடமும் பெருமையடிப்பதில்லை. காத்திருந்து அலுத்த மேசைக்காரர் எரிந்துவிழுந்தால்தான் சொல்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கிறார். 1942இல் பர்மா ஜப்பான்காரர் கைக்குப் போய், இலங்கைக்கு அரிசிக் கப்பல் நின்றுபோன காலத்தில் லயங்களில் கோதுமை மாவோடு பழகிக்கொண்ட தலைமுறை அம்மாயியின் அம்மா. அந்தக் கைப்பழக்கம் அம்மாயிக்கும் வந்திருக்கிறது. மாவு, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். பிசைந்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டு, மறுபக்கம் அம்மியில் கட்டச் சம்பலையும் அரைத்து முடித்து, "வாங்கடா" என்று கூப்பிடும்போதுதான் அவர் அடுப்படிக்குப் போனதே எங்களுக்குத் தெரியவரும். எத்தனை நிமிஷம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "மழ விடுறதுக்குள்ள" என்பார். கித்துல்கலையில் அது எத்தனை நாளாகவும் இருக்கலாம்.

தம்பியுடைய பத்து நிமிஷம் ஒருவேளை ஊர்த் தோஷமாகவும் இருக்கும். கித்துல்கலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஒரு பாலம்தானே. டேவிட் லீன் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்காகக் களனி கங்கைக்குக் குறுக்கே மரத்தில் பாலம் கட்டினார்கள். மாதக்கணக்கில் வேலை. ஆற்றில் இறங்கித் தூண் நட்டவர்கள், மரம் இழுத்த யானைகள், வெயில், மழை, எல்லாம் பட்டுக் கட்டி முடித்தார்கள். 1957 மார்ச்சில் ரயிலோடு சேர்த்து அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில செக்கன். அந்தச் சில செக்கனைத்தான் உலகம் பார்த்தது; ஏழு ஒஸ்கார் கொடுத்தது. பாலத்தின் கொங்கிறீட் அடியைப் பார்ப்பதற்கு இப்போதும் உல்லாசப் பயணிகள் இறங்கிப் போகிறார்கள். அதைக் காட்டி விளக்கம் சொல்கிற வேலையும் தம்பிக்கு உண்டு. தினமும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வெடிக்கிற நேரம் மட்டும்தான் நேரம் என்று ஆகிவிட்டதோ என்னவோ.

இவ்வளவையும் சிரிப்புக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் தங்கச்சி விடிவதற்கு முன் எழும்புகிறவள். பால் குளிர்ச்சியில்தான் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இறப்பர் மரத்துக்குக் கத்தி வைப்பது விடியக்காலையில். மரத்துக்கு மரம் நடந்து வெட்டி, திரும்ப வந்து பால் சேர்த்து, வாளியைச் சுமந்து இறக்கினால்தான் அவளுக்குப் பேர், அதாவது அன்றைய சம்பளம். கணக்குக் குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது, பல தேயிலைத் தோட்டங்களில் ஒரு பேருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கையும் சேர்த்தே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கிலோவையும் துரைமார் அவ்வளவு கறாராக எண்ணுகிறார்கள். அப்படி எண்ணப்பட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவள், ஏழு மணிக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் கோவா அரிந்து, லீக்ஸ் அலசி, கடைசியில் தட்டுமுட்டு, தாச்சி, டம்ளர், கழுவு பாத்திரம் அத்தனையும் தேய்த்துக் கவிழ்க்கிறாளே, அதற்கு எந்தச் செக்ரோலில் பேர் போடுவது? துரை எண்ணிவிட்டுக் குறைக்கிறார். வீட்டுக்காரர் எண்ணுவதே இல்லை. "இன்னைக்கு உனக்கு லீவு" என்று வேறு சொல்கிறார்.

ஒருநாள் அவரிடம் கேட்டே விடுவதென்று நான் எழும்பினேன். தங்கச்சி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, ஒண்ணும் சொல்லிறாதீங்க. அடுப்படிக்கு வர்றதையும் விட்டுட்டாருன்னா?"

பக்கத்துக் காம்பராக்களில் ஆம்பிளைகள் தவறணையிலிருந்து திரும்பிவரும் நேரம் அது. நான் பேசாமல் கத்தியை எடுத்துக் கரட் சீவப் போய்விட்டேன். மெல்லிசாக.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 2022இல் காஸ் இல்லாத காலம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தோம். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் காய்ச்சல், எழும்ப முடியவில்லை. அம்மாயி ஊரில் இல்லை. ஈர இறப்பர் விறகை வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவந்து, இந்த மனிதர்தான் சமைத்தார். வெங்காயத்தை அவரே உரித்தார். பீலிக்கு அவரே போனார். ரொட்டி இலங்கைப் படம்போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. சம்பலில் உப்புக் கூடிப்போனது. போனை அன்றைக்கு வெளியிலேயே எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று அவர் சொல்லவுமில்லை, சாப்பிட்ட நாங்கள் கேட்கவுமில்லை.

அப்படி ஒரு ஆள் உள்ளுக்குள் இருப்பது தெரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வராது. காஸ் வந்தது. கூடவே பத்து நிமிஷமும் வந்துவிட்டது.

இந்தத் தீபாவளிக்குக் கோழி புரியாணி போடப்போகிறாராம், நாற்பது பேருக்கு. போன கிழமை வந்து உட்கார்ந்து கணக்குச் சொன்னார். "பெரிய வேலை ஒண்ணும் இல்லக்கா, அரை மணித்தியாலம்." தங்கச்சி அன்றைக்கே அடுத்த லயத்தில் போய் இரண்டு பெண்களைச் சொல்லி வைத்துவிட்டு வந்தாள். வெங்காயம் உரிக்க முந்தினநாள் மத்தியானமே வந்துவிடுவார்களாம்.